யாருக்கு எந்தப் புத்தகம்

"சும்மா படிக்க ஏதாவது ஒரு புத்தகம் சொல்லேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருக்கும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, இவருக்கு எது பிடிக்கும் என்று மனம் அலைந்துகொண்டே இருக்கும். கேட்டவர் அதற்குள் மறந்துகூடப் போயிருப்பார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி லேசான விஷயமாகத் தோன்றியதே இல்லை.

காரணம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், தலைசிறந்த பத்து நாவல்களின் பட்டியல். கேட்டவரும் மதிப்போடு அதில் ஒன்றை வாங்குவார். நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுவார். புத்தகம் சில மாதம் தலைமாட்டில் கிடக்கும், அப்புறம் அலமாரிக்குப் போகும். "எனக்கு இந்தப் படிப்பெல்லாம் சரிப்படாதுப்பா" என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். அந்த நாவலிலும் குறை இல்லை, அவரிடமும் குறை இல்லை. இரண்டையும் சேர்த்துவைத்த கைதான் அவசரப்பட்டுவிட்டது. ஓய்வுநேரத்தில் ஆசையாகப் படித்திருக்கக்கூடிய ஒருவரை இப்படி இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நூலக அறிவியலில் பெரிய பெயர் சீ.இரா. அரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நூலகங்களை மனத்தில் வைத்து அவர் எழுதினார். ஆனால் நண்பருக்குப் புத்தகம் சொல்லும் யாருக்கும் இந்த இரண்டும் பொருந்தும் என்று நினைக்கிறேன். தரவரிசை என்ற பேச்சே அவற்றில் இல்லை. இந்த ஆளுக்கு இந்த நூல், அவ்வளவுதான்.

அதனால் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன்: "கடைசியா எந்தக் கதையை விட மனசில்லாம படிச்சீங்க?" புத்தகப் பழக்கமே இல்லாதவராக இருந்தால், விரும்பிப் பார்த்த படத்தையோ தொடரையோ கேட்பேன். "ஏன் பிடிச்சுது?" என்று அடுத்த கேள்வி. இதற்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் "அடுத்து என்ன ஆகுமோன்னு ஒரே பதைப்பு" என்பார். இன்னொருவர் "அந்தப் பொண்ணு அப்படியே எங்க அத்தை மாதிரி" என்பார். மூன்றாமவர் கதையை விட்டுவிட்டு அதில் வந்த மலையையும் மழையையும் பற்றியே பேசுவார். மூன்று பேரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசியிருந்தாலும் மூவருக்கும் நான் ஒரே புத்தகத்தைச் சொல்ல மாட்டேன்.

நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதை அழகாக வகைப்படுத்தியிருக்கிறார். ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரம், இடம், மொழி. எல்லா நல்ல நாவலிலும் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வாசல்தான் அகலமாகத் திறந்திருக்கும். வாசகரும் அப்படித்தான், பழகிய வாசல் வழியாகவே வருவார். இந்த நான்கையும் நம் புத்தகங்களோடு பொருத்திப் பார்த்தபோது எனக்குப் பல விஷயங்கள் விளங்கின.

கதை வாசல் வழியாக வருபவருக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் என்றதும் பலர் மிரளுகிறார்கள். அது 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதை அவர்களிடம் முதலில் சொல்லிவிடுவேன். வாரம் ஒரு முறை படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்ட கதை. அத்தியாயங்கள் சிறியவை, பெரும்பாலும் ஏதாவது ஒரு முடிச்சில் போய் நிற்கும். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனைப் பின்தொடர்ந்தால் போதும், சோழர் வரலாறு எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படிக்கலாம். தடிமனான புத்தகம் ஓய்வு வாசிப்புக்கு ஆகாது என்ற நினைப்பை இதைப்போல வேறொன்று மாற்றுவதில்லை.

துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ். கானன் டாயில் 1891இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்குச் சிறுகதைகள் எழுதத் தொடங்கியபோது ஒரு கணக்குப் போட்டார். தொடர்கதை என்றால் ஒரு இதழைத் தவறவிட்டவர் அதோடு விட்டுவிடுவார். ஆளை மட்டும் தொடரவிட்டு, ஒவ்வொரு கதையையும் அந்தந்த இதழிலேயே முடித்துவிட்டால் எந்த இதழை எடுத்தாலும் படிக்கலாம். இன்றும் அந்தக் கணக்கு அப்படியே செல்லுபடியாகிறது. 56 சிறுகதைகள், 4 நாவல்கள். நாவல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சிறுகதைகளில் எதில் வேண்டுமானாலும் கைவைக்கலாம். சிரித்துக்கொண்டே துப்பறிய வேண்டுமென்றால் தேவனின் துப்பறியும் சாம்பு இருக்கிறார். அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமுமாக ஒவ்வொரு வழக்கிலும் வெற்றி பெறுகிறவர். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லவே வேண்டாம். அவற்றின் வழியாகத்தான் எத்தனையோ பேர் வாசிப்புக்கே வந்திருக்கிறார்கள்.

இவற்றைச் சிபாரிசு செய்யும்போது "இது பொழுதுபோக்குதான், இருந்தாலும்..." என்று சிலர் இழுப்பார்கள். அந்த "இருந்தாலும்" எனக்குப் பிடிப்பதில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஒருவரை ஒரு மணி நேரம் தன்னை மறந்து உட்காரவைப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதற்கும் கைதேர்ந்த எழுத்து வேண்டும்.

பாத்திர வாசலில் வருபவருக்கு தி. ஜானகிராமன். மோகமுள்ளின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், ஆனால் பாபுவும் யமுனாவும் ரங்கண்ணாவும் சொல்லி முடிக்கிற ஆட்களா? மனிதர்கள் பேசிக்கொண்டிருப்பதை அவர் எழுதினால் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல இருக்கும். ஆனால் அது பொறுமையாகப் போகும் நாவல், விறுவிறுப்பு தேடுகிறவருக்கு ஒத்துவராது. அவருக்கு அசோகமித்திரனின் தண்ணீரைக் கொடுப்பேன். சிறிய நாவல். சென்னையில் குடிநீர் கிடைக்காமல் அல்லாடிய காலத்தில் ஜமுனா என்ற பெண்ணின் வாழ்க்கை. குடமும் குழாயும் வரிசையுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அவள் மனத்தில் என்னவோ மாறிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியவரும். அசோகமித்திரன் குரலை உயர்த்தவே மாட்டார்.

இட வாசல்தான் எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். ப. சிங்காரம் மொத்தமே இரண்டு நாவல்கள்தான் எழுதினார். அவற்றில் புயலிலே ஒரு தோணி நம்மை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமத்ராவிலிருந்த மெடானுக்கும் மலேயாவிலிருந்த பினாங்குக்கும் கொண்டுபோகிறது. ஜப்பானியப் படைகள், வட்டிக்கடைத் தமிழர்கள், கடைத்தெருக்கள், கப்பல்கள். அங்கே வாழ்ந்த ஒருவரால் மட்டுமே இப்படி எழுத முடியும். முதல் சில அத்தியாயங்களில் பெயர்களும் பேச்சும் குழப்பும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிப்பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிராக, சத்தமே இல்லாத ஒரு இடம் வேண்டுமானால் விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் ஆரண்யக், தமிழில் வனவாசி. நகரத்தில் வேலை தேடி அலையும் சத்தியசரண், பீகார்க் காட்டுப்பகுதியில் ஒரு பண்ணையின் மேலாளராகப் போகிறான். தொடக்கத்தில் தனிமை அவனைத் தின்கிறது, எப்போது திரும்பிப் போவோம் என்று இருக்கிறான். போகப்போக அந்தக் காடும் நிலவொளியும் அங்குள்ள ஏழை மனிதர்களும் அவனைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவனுடைய வேலையே அந்தக் காட்டை நிலமாக்கிக் குடியானவர்களுக்குப் பங்குபோட்டுத் தருவது. நேசிக்க ஆரம்பித்ததைத் தன் கையாலேயே அழிக்க வேண்டிய நிலை. பரபரப்பான சம்பவம் ஒன்றுமே இல்லாத இந்த நாவலை, மனம் அலைபாய்கிற நாட்களில் நான் எடுத்துப் படிப்பேன். நடுவில் எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம், எங்கும் நிறுத்தலாம்.

மொழிக்காகவே படிப்பவர்கள் குறைவு. அவர்கள் லா.ச. ராமாமிர்தத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அவரை முதல் புத்தகமாகக் கொடுக்காமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களின் கதை வேறு. பள்ளி, கல்லூரி நாட்களில் விழுந்து விழுந்து படித்துவிட்டு, வேலை, குடும்பம் என்று ஆனபின் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை என்று சொல்பவர்கள். போனை எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்பார்கள். இவர்களுக்கு நாவலே வேண்டாம். ஒரே உட்காரலில் முடிகிற சிறுகதைதான் சரி. ஒன்றை முடித்தோம் என்ற திருப்தி கிடைத்தால் போதும், அடுத்ததை அவர்களே எடுப்பார்கள்.

நான் முதலில் கொடுப்பது கி. ராஜநாராயணனின் கதவு. ஒரு ஏழை வீடு, அதற்கு ஒரு பழைய கதவு. குழந்தைகள் அந்தக் கதவில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். டிக்கெட் கொடுப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் முறைப்படி நடக்கிறது. தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைத்தால் அதையும் கதவில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். ஒருநாள் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதற்கப்புறம் நடப்பதை நான் சொல்லப் போவதில்லை. சில பக்கங்களே உள்ள இந்தக் கதையில் வறுமையைப் பற்றி ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பிரசங்கம் செய்யவில்லை. கதவைப் பற்றி மட்டுமே பேசுகிறார். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. இதற்கடுத்து அசோகமித்திரனின் புலிக்கலைஞன். சினிமா ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு ஒருவர் வருகிறார். பார்க்க எந்தச் சிறப்பும் இல்லாத ஆள். புலித்தலையை மாட்டிக்கொண்டதும் அந்த அறையில் நடப்பது, தமிழ்ச் சிறுகதையிலேயே எனக்கு மிகப் பிடித்த ஒரு பக்கம்.

சிறுகதையிலிருந்து நாவலுக்குப் போகும்போது நடுவில் ஒரு படி வேண்டும், அதற்குக் குறுநாவல்கள். ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். தஸ்தயேவ்ஸ்கி என்றாலே தலையணை அளவுப் புத்தகம் என்று ஒதுங்குபவர்கள், 1848இல் இளைஞராக இருந்தபோது அவர் எழுதிய வெண்ணிற இரவுகளைப் படித்துப் பார்க்கலாம். தனிமையில் வாடும் ஒருவன், ஒரு பெண், சில இரவுகள், அவ்வளவே.

கதையே வேண்டாம், நிஜமாக நடந்தது வேண்டும் என்பவர்களும் உண்டு. வயதில் பெரியவர்கள் பலர் இப்படிக் கேட்பார்கள். அவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் பாடப்புத்தக நினைவு வந்து முகம் சுளிப்பவர்களிடம் ஒரே ஒரு காட்சியைச் சொல்வேன். கும்பகோணம், 1880. கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்துவிட்ட இளைஞர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்குகிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இதற்கு முந்தைய பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்த நூலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விதான் அவரை ஏடு தேடி ஊர் ஊராக அலையவைத்தது. 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் "இதைப் படித்திருக்கிறாயா?" என்று கேட்டதில் ஒரு மொழியின் பழைய இலக்கியமே திரும்பிக் கிடைத்ததற்கு இதைவிடப் பெரிய உதாரணம் ஏது? 1940இல் பத்திரிகைத் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்ற புத்தகம் இது. ஆகவே இதுவும் சிறுசிறு அத்தியாயங்களாகப் படிக்க வசதியானது.

இயற்கையில் நாட்டம் உள்ளவருக்கு மா. கிருஷ்ணனின் மழைக்காலமும் குயிலோசையும். பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள். எங்கேயோ காட்டுக்குள் போக வேண்டியதில்லை, தோட்டத்தில் தெரிகிற அணிலையும் காக்கையையும் புதிதாகப் பார்க்கவைப்பார். பயணமும் மனிதர்களும் பிடித்தவருக்கு அ. முத்துலிங்கம். துக்க வீட்டிலிருந்து மீண்டுவந்த ஒரு தோழி, "பாரமா எதுவும் வேண்டாம், ஆனா அசட்டுத்தனமாவும் இருக்கக் கூடாது" என்று கேட்டபோது இவருடைய கட்டுரைத் தொகுப்பைத்தான் கொடுத்தேன். நாடு நாடாகப் போனவர் எளிய வரிகளில் சொல்லும் அனுபவங்கள். தினம் ஒன்று என்று படித்ததாகச் சொன்னாள்.

அந்தத் தோழி கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரும்பாலானவர்கள் தங்கள் மனநிலையைச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை. மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கும் பரீட்சை முடிந்து விடுமுறையில் இருப்பவருக்கும் ஒரே நாவலைச் சொல்லலாமா? சாவும் கொடுமையும் வரும் புத்தகமாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திருப்பத்தை உடைக்காமலே சொல்ல முடியும். "குழந்தைக்கு ஒண்ணு நடக்கும், பாத்துக்கோங்க" என்றால் புரிந்துகொள்வார்கள்.

புத்தகத்தைப் பற்றிப் பேசும் விதமும் முக்கியம். "மானுட வாழ்வின் அவலத்தைச் சித்திரிக்கும் நாவல்" என்று சொன்னால் யாருக்கு ஆசை வரும்? ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும், ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "கண்டிப்பாப் படிச்சே ஆகணும்" என்ற வார்த்தை புத்தகத்தை வீட்டுப்பாடமாக்கிவிடுகிறது. கொடுத்துவிட்டு வாரா வாரம் "முடிச்சாச்சா?" என்று விசாரிப்பதும் அப்படித்தான்.

முடிக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. பிரெஞ்சு ஆசிரியர் டேனியல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளை எழுதினார். படிக்காமல் இருக்கும் உரிமையில் தொடங்கி, பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமை, பாதியில் விட்டுவிடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை என்று போகும் அது. நான்சி பெர்லிடம் இதற்கொரு கணக்கே உண்டு. ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுத்தால் போதும். அதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்திலேயே மூடிவைக்கலாம். இதைச் சொன்னதும் பல பேர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன். பாதியில் விட்ட புத்தகத்தின் உறுத்தலால்தான் அவர்கள் அடுத்த புத்தகத்தைத் தொடாமலே இருந்திருக்கிறார்கள்.

சரி, எதிரே இருப்பவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, என்ன பிடிக்கும் என்று கேட்டாலும் "எதுவானாலும் சரி" என்கிறார். அப்போது? வைக்கம் முகம்மது பஷீரின் பாத்துமாவின் ஆடு. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த சின்ன நாவல். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, நிம்மதியாக இருக்கலாம் என்று எழுத்தாளர் சொந்த வீட்டுக்கு வருகிறார். வீடு முழுக்க அம்மா, தம்பிகள், தங்கைகள், அவர்களுடைய பிள்ளைகள், கோழிகள், பூனைகள். எல்லோருக்கும் இவரிடம் ஏதாவது வேண்டும். நடுவில் தங்கை பாத்துமாவின் ஆடு கண்டதையெல்லாம் மேய்கிறது. இவர் எழுதிய புத்தகங்களையே எடுத்துத் தின்கிறது. அப்புறம் போர்வைக்கு வருகிறது. புத்தகங்களுக்கு வேறு பிரதிகள் உண்டு, வரவழைத்து இலவசமாகவே தருகிறேன், போர்வைக்கு மட்டும் பிரதி கிடையாது, அதை விட்டுவிடு என்று ஆட்டிடம் மரியாதையாகக் கெஞ்சுகிறார். மனநலச் சிகிச்சையில் இருந்த நாட்களில் இதை எழுதியதாகப் பஷீரே முன்னுரையில் சொல்கிறார். அந்த முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லித்தான் நான் கொடுப்பேன்.